சப்-மீட்டர்

செல்லூரில் வெயிலுக்கு வாடகை இல்லை என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாசி பிறந்ததும்
துளசிராம் சார் மொட்டை மாடியில் ஆறு பலகை ஏற்றினார்.
என் கொடிக்கயிறு இரண்டையும் அவிழ்த்துத் தந்து
"கோவிச்சுக்காதம்மா, நிழல் விழக்கூடாதாம்" என்றார்.
துணி இப்போது மாடிப்படிக் கைப்பிடியில் காய்கிறது.

மாட்ட வந்த பையன் ஜெர்வின்
சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு
"கன்ஸ்யூமர் பேரு?" என்றான்.
துளசிராம் என்று எழுதிக்கொண்டான்.
தையல் மிஷின், மிக்சி, ஒரே ஒரு ஃபேன்,
ராத்திரி படிக்கிற மகளின் டியூப் லைட்
எல்லாம் ஓட்டுகிற ஒச்சம்மா
அந்தத் தாளில் எங்கும் இல்லை.

நான் இருப்பது வேறிடத்தில்.
படிக்கட்டுக்கு அடியில், செருப்புகளுக்கு மேலே,
பல்லி முட்டையிட்ட சின்னப் பெட்டியில்.
ஒன்றாம் தேதி செல்போன் டார்ச் அடித்து
சார் என்னை வாசிப்பார்.
யூனிட் ஒன்பது ரூபாய்.
பலகை வந்த பிறகும் ஒன்பதுதான்.

சித்திரையில் ஒருநாள்
உச்சி வெயில் மண்டையைப் பிளக்கையில் கரண்ட் போனது.
சார் மேலேறி வந்து பலகைகளை முறைத்தார்:
"இம்புட்டு வெயில் அடிக்குது, இதுக்கு என்ன கேடு?"
ஊர் லைன் செத்தால் இதுவும் அடங்கிவிடும் சார்,
கம்பத்தில் ஏறி நிற்கிற ஆள் பிழைக்க வேண்டாமா என்றேன்.
ஜெர்வினிடம் கேட்டு வைத்திருந்தேன்.
சார் அவனிடம் கேட்டதெல்லாம் மானியம் எப்போது வரும் என்பதுதான்.

நான் இன்னும் கேட்டு வைத்திருந்தேன்.
நைட்டி தைப்பது பத்திலிருந்து நாலு.
வெயில் வேலை பார்ப்பதும் ஏறக்குறைய பத்திலிருந்து நாலு.
சார் வீட்டில் அந்நேரம் எல்லோரும் கடையில்.
அப்படியானால் என் ஊசியை ஓட்டுவது
எந்த ஒன்பது ரூபாய்?

வெள்ளிதோறும் குடத்தோடு ஏறி
பலகை துடைப்பவளும் நான்தான்.
ஒரு வாரம் விட்டால் போதும்,
தண்ணீர் இல்லாத வைகையின் நிறத்துக்கு வந்துவிடும்.

கணக்கு நோட்டோடு போய் நின்றேன்.
ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.
"பாப்போம்மா" என்றார்.
பாப்போம் என்றால் என்னவென்று
மதுரைக்காரிக்குத் தெரியாதா?

அந்த வெள்ளி நான் குடம் எடுக்கவில்லை.
அடுத்த வெள்ளியும்.
இன்று வெறுங்கையோடு ஏறி
நடுப்பலகைப் புழுதியில்
விரலால் பெரிதாக எழுதினேன்:
4.

எழுதிய இடம் மட்டும்
துடைத்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது.
அந்த அளவுக்குக் கரண்ட்
கூடியிருக்கும்.