நண்டு படும் மாதம்

இருபத்தாறாம் நாள்.
அம்மியில் மிளகு, உள்ளி, மஞ்சள்.
பால்சுறா வறையோடு ஒரு கோப்பைச் சோறு,
முருங்கையிலைச் சொதி.
நாளைக்கும் இதுதான்.

அன்னாசி குளிர். கச்சான் பித்தம்.
கணவாய் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து.
நண்டென்று வாயே திறக்கக் கூடாது
என்பது மாமி.
எல்லாம் சாப்பிடுங்கோ என்றா கிளினிக் மிஸ்ஸி.
மிஸ்ஸி சமைக்க வாறதில்லை.

திருக்கடலூர்க் கரையில் இந்த மாதம்
நண்டுதான் படுகிறது,
வலை முழுக்கக் கொடுக்கு.
தேவகாந்தன் இரவிரவாகக் கழற்றிக்
காலைக் கட்டிக் கூடையில் போட்டு
நிலாவெளி ஹோட்டலுக்குக் கொண்டுபோவான்.
தொட்டில் சீலை நண்டுக் காசு.
நான் தின்கிற உள்ளியும்
நண்டுக் காசுதான்.

நேற்று வந்து சொன்னான்.
ஒரு வெள்ளைக்காரி,
மார்பில் பிள்ளை குடித்துக்கொண்டிருக்க
மற்றக் கையால் நண்டுக்காலை உடைத்து
உறிஞ்சிக்கொண்டிருந்தாளாம்.

'பிள்ளைக்கு ஒன்றும் செய்யல்லையா?'

'நல்ல நித்திரை.'

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி
தலை நிமிராமல் சொன்னா,
'அது வேற பால்.'
பிறகு கனநேரம்
சுளகுச் சத்தமே கேட்கவில்லை.

இரவு ஒரு மணி.
பிள்ளை இடப்பக்கம் குடிக்கிறது.
தேவகாந்தனின் கை
என் தலையணையில் விழுந்து கிடக்கிறது,
சவர்க்காரம் போட்டும் போகாத மணத்தோடு.
கொடுக்கு கடித்த பெருவிரலை
மெல்ல இழுத்து
மூக்கில் வைத்தேன்.

யாரும் கேட்காமலே
நனைந்தது
வலப்பக்கச் சட்டை.