எடைக்கு வராதது

கலவை விதை என்று போட்டிருந்தது பாக்கெட்டில்.
என்னென்ன கலவை என்று போடவில்லை.
சியூ கிம் கடையில் மூன்று வெள்ளி எண்பது காசு.
"எல்லாம் சாவிதான் லா" என்றாள்,
மீதிச் சில்லறையைக் கல்லாவில் துழாவிக்கொண்டே.

மீன் வரும் வெள்ளைப் பெட்டி நான்கு.
அடியில் ஆணியைச் சுட்டுப் போட்ட ஓட்டைகள்.
மில்லில் மக்கிக் கிடந்த செம்பனைச் சக்கை இரண்டு சாக்கு,
சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான்.
லாபிஸில் மண்ணுக்கா பஞ்சம்?
என் வீட்டுப் பின்பக்கம் மட்டும்
ஆறடிக்கு ஒன்பதடி, முழுக்க சிமெண்டு.

இந்த ஊரில் தோட்டம் என்றால்
நாலாயிரம் ஏக்கர், மேனேஜர், கேட்டில் ஜாகா.
நாலு பெட்டிக்கு அந்தச் சொல்
அடுத்தவர் சட்டைபோல் தொளதொளத்தது.
பெட்டி என்றே சொல்லிக்கொண்டோம்.

நான் எடைப்பாலத்தில் வேலை செய்கிறவள்.
லோரி ஏறும், எண் நடுங்கி நிற்கும்:
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது.
கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும்; கழித்தால் பழம்.
பதினோரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
இரவு ஷிப்டு விட்டு, சீருடையோடு குந்திப் பார்த்தால்
மூன்றாம் நாள் காலை
முளைக்கு இரண்டு இலை, நடுவில் பிளந்த இதயமாய்.
அத்தனைக்கும் ஒரே முகம்.

பத்தாம் நாளில்தான் பிரிந்தார்கள்.
ஒன்று பல் பல்லாகக் கிழிந்தது.
ஒன்று குழிந்தது, ரசம் மொள்ளலாம்போல்.
ஒன்று நரம்பெல்லாம் ஊதா ஏறி
நாவற்பழம் தின்ற நாக்காய் நீட்டியது.
பாக்சோய் தெரியும், காய்லான் தெரியும்.
மற்றதற்கு நானே வைத்தேன் பெயர்:
ரம்பம், கரண்டி, ஊதாக்காரி.

விரல் நீளம் வந்ததும் கத்தரிக்கோலால்
அடியில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டணும்,
திரும்ப வரும். வந்தது.
மழைக்கு மறுநாள் நத்தையும் வந்தது.
டார்ச்சடித்து மார்ஜரின் டப்பாவில் பொறுக்கினேன்,
தொழில் புத்தி, எண்ணினேன்: நாற்பத்தொன்று.
தெள்ளுப்பூச்சியாய்த் துள்ளும் கறுப்பு வண்டு
இலையை இடியாப்ப அச்சாக்கியது.
ஓட்டையோடு தின்றோம்.

லோகேந்திரன் முதல் நாள்
தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"வேக வைக்க மறந்துட்டியா?"
எலுமிச்சை, உப்பு, வறுத்த நெத்திலி, நுணுக்கிய கடலை.
ஊதாக்காரி நேராக மூக்கில் ஏறினாள்.
கண்ணில் நீர் வழிய "இன்னும் இருக்கா?" என்றான்.
சண்டை தீர்ந்ததாக அர்த்தமில்லை.
கார் தவணை இரண்டு மாதம் அப்படியே நின்றது.

பிறகு பன்னிரண்டு நாள் வெயில்.
ஊதாக்காரி இலையை மறந்து உயர்ந்தாள்.
கசந்தாள், தண்டு நாரானது.
பிடுங்கியிருக்க வேண்டும்; ஷிப்டு மாறியதில் விட்டுவிட்டேன்.
நாலிதழ் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது பெட்டி.

கேஸ் சிலிண்டர் இறக்க வந்த ஷோஹாக்
பில்லை நீட்டாமல் நின்றான்.
"ஷொர்ஷே" என்றான்.
என்னிடம் வங்காளமில்லை, அவனிடம் தமிழில்லை,
நடுவில் அரைவேக்காட்டு மலாய்.
சிமெண்டில் குப்புறப் படுத்து,
பெட்டி தெரியாமல், குழாய் தெரியாமல்,
பூவும் வானமும் மட்டும் வர ஒரு படம் பிடித்தான்.
தம்பிக்கு அனுப்பினானாம்:
இங்கே எனக்கு ஒரு வயல் இருக்கிறதென்று.
படுத்த வாக்கிலேயே சிரித்தான், நானும்.

காய் வெடித்து உள்ளங்கையில் தேய்த்தபோது
உருண்டது கடுகு.
அட, தினமும் எண்ணெயில் போட்டு
மூடியால் அமுக்குகிற அதே ஆள்!
நாற்பத்தாறு வயதுவரை
இதற்கு இலை இருக்குமென்று நினைத்ததேயில்லை.

அன்று ராத்திரி லோரி இல்லாத வேளையில்
விதையை டிக்கெட் தாளில் மடித்துக்கொண்டு
பாலத்தில் ஏறி நின்றேன்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
கண்ணாடிக்குள் சிவப்பு எண்: அறுபது.
மடிப்பைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.
அறுபது.
எதில் எதைக் கழிப்பது?
வளைவில் ஹாரன் கேட்டது.
தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.