மலையேறிய விளக்கு

இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்கும்.
பிரேக்கை மிதித்தால்
பெட்ரோல் முள் கால் டேங்க் ஏறும்.
இந்த மோரிஸ் மைனரை வாங்கிய நாளிலிருந்து
எத்தனையோ முறை
காலாலேயே பெட்ரோல் போட்டிருக்கிறேன்.

எர்த் பிடிக்கவில்லை என்றார்கள் குன்னூரில்.
மேட்டுப்பாளையத்தில் ஒருவர் பானெட்டைத் திறந்து,
உடனே மூடி,
வெள்ளைக்காரனே விட்டுவிட்டுப் போன வண்டி என்றார்.
ஆதியில் பாசிட்டிவை உடம்பில் கட்டியிருந்ததாம்.
யாரோ டைனமோவைக் கழற்றி
ஆல்டர்னேட்டர் வைத்தபோது
பேட்டரியைத் திருப்பிப் போட்டார்கள்.
வண்டிக்கு அது இன்னும் முழுதாக
ஒப்புதல் ஆகவில்லை.

ஸ்பீடோமீட்டருக்குள் ஒரு சிவப்பு பல்ப்,
மூக்குத்தியை விடச் சற்றே பெரிது.
இண்டிகேட்டர் போட்டால் தானும் சேர்ந்து சிமிட்டும்.
மார்ச் கணக்கு முடித்து
கூட்டுறவு வங்கியிலிருந்து திரும்பும் இரவுகளில்
என்னையே பார்ப்பது போலிருக்கும்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
கையை உள்ளே விட்டுப் பிடுங்கினேன்.
சில்லறைப் பையில் போட்டேன்.
விட்டது தொல்லை.

மூன்றாம் நாள்.
கோத்தகிரி தாண்டியதுமே
மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.
ஹெட்லைட் மஞ்சளானது,
பிறகு பால் விடாத டீயானது.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று
யோசித்தது.

நான் கேஷியர்.
வரவு நின்று செலவு மட்டும் நடந்தால்
எனக்கு வயிற்றிலேயே தெரிந்துவிடும்.
ஹெட்லைட்டுக்கு எட்டு ஆம்பியர்.
வைப்பருக்கு மூன்று.
ஸ்பார்க்குக்கு நாலு, அதில் கைவைக்க முடியாது.
வைப்பரை நிறுத்தினேன்,
தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
நேர்ரோட்டில் பார்க்கிங் லைட்.
வளைவில் மட்டும் முழு வெளிச்சம்,
கல்யாணத்துக்கு மட்டும்
லாக்கரைத் திறப்பவர்களைப் போல.
இடது வளைவில் ஹாரன்
என்னைக் கேட்காமல் செலவு செய்தது.
தேயிலைச் சரிவில் ஒரு காட்டெருமை
நிமிர்ந்து பார்த்தது.
முகத்தில் துளி மரியாதை இல்லை.

கட்டபெட்டு முக்கில்
ஒருமுறை இருமி நின்றது எஞ்சின்.

பேக்கரிக்காரர் போன் போட்டு
பெள்ளிராஜை வரவழைத்தார்.
என் மகனை விட இளையவன்.
காதை மூடிய கம்பளிக் குல்லா,
வாயில் செல்போன் டார்ச்,
அதனால் பேச்சில்லை.
தன் வேனிலிருந்து கேபிள் போட்டு எஞ்சினை எழுப்பினான்,
கேபிளைக் கழற்றினான்,
மீட்டரை எனக்குக் காட்டினான்:
பதினொன்றரை. இறங்குமுகம்.
ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு கம்பி,
தவிட்டு நிறம், மேலே மஞ்சள் கோடு.
அதைப் பிடித்துக்கொண்டே
டாஷ்போர்டு வரை வந்தான்.
காலி ஓட்டையில் விரல் போயிற்று.
டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.

"இந்த பல்ப் எங்கக்கா?"

சில்லறைப் பையைக் கவிழ்த்தேன்.
ரெண்டு ரூபாய்கள், ஒரு பஸ் டிக்கெட், ஏலக்காய்,
பல்ப்.
காசுகளோடு உருண்டு இழை அறுந்திருந்தது.

"அது சும்மா பல்ப் இல்லக்கா.
அது வழியாத்தான் மொத கரண்டு போகும்.
துளியூண்டுதான்.
அது போனாத்தான் இவன் முழிப்பான்."

எத்தனை பேருக்குக் கடன் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
முதல் தவணை கையில் இல்லாமல்
தறி ஓடாது, மாடு வராது என்று.
பெள்ளிராஜிடம் அதைச் சொல்லவில்லை.

சட்டைப்பையிலிருந்து தன் டெஸ்ட் லாம்பை எடுத்து
இரண்டு முனையையும் அந்த ஓட்டையில் செருகினான்.
சின்னதாக எரிந்தது.
"ஆக்ஸிலேட்டர் குடுங்க."
கொடுத்தேன்.

விளக்கு மலையேறியது.
அம்மா வீட்டில் அப்படித்தான் சொல்வோம்,
அணைந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம்.
அது ஏறிய அதே நொடி
ஹெட்லைட் வெள்ளையாகி
ரோட்டின் எதிர்ப்பக்கத்துத் தேயிலை
இலை இலையாக வந்து நின்றது.
மீட்டரில் பதினாலு.

டெஸ்ட் லாம்பை டேப் சுற்றி அங்கேயே தொங்கவிட்டான்.
ஹாரனையும் பார்க்கட்டுமா என்றான்.
இன்னொரு நாள் என்றேன், மணி ஒன்பதே கால்.

குன்னூர் ரோட்டுக்கு
இடப்பக்கம் திரும்பினேன்.
ஹாரன் அடித்தது.
ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர்
போய்வருகிறேன் என்று சொன்னதாக நினைத்து
கையை உயர்த்தினார்.