ஒரு வாய்க் கணக்கு

டாவோவில் அரசு மருத்துவமனைக்கு எதிரே
ஒரு மேசை, ஒரு குடை, ஒரு மிக்ஸி.
மூடி உடைந்து இரண்டு வருடம் ஆகிறது.
என் உள்ளங்கைதான் மூடி.

கொக்கோ வில்லைகளை இரவே காய்ச்சி
தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுவேன்.
வெறும் ஐஸைக் கொட்டிச்
சாக்லேட்டை வெளுக்க வைப்பவர்கள்
தெருமுனையில் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.
எனக்கு வெறும் ஐஸ் ஒரு பிடிதான்.
கெட்டிப்பால் இரண்டு கரண்டி,
உப்பு நகக்கண் அளவு.
விட்டு விட்டு நாலு தட்டு,
பிறகுதான் முழு வேகம்.

செவ்வாய், வியாழன், சனி
டயாலிசிஸ் முடிந்து எலியுதேரியோ வருவார்,
முழங்கையில் பஞ்சு ஒட்டியபடி.
முழு விலை கொடுப்பார். குடிக்க மாட்டார்.
நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று
அளந்து கொடுத்திருக்கிறார்கள் அவருக்கு.
சாக்லேட் பட்டியலிலேயே இல்லை.
கோப்பை, டிரைசைக்கிள் ஓட்டும் ஜோமருக்கு.
"எனக்குச் சத்தம் போதும், நெலியா."

கண்ணை மூடிக் கேட்பார்.
முதலில் கூழாங்கல் உருளும்.
பிறகு மணல்.
பிறகு கத்தி வெறுங்காற்றில் சுற்றும்.
"குழி விழுந்துவிட்டது, நிறுத்து, கரண்டியால் தள்ளு."
தள்ளுவேன்.
"அடியில் ஒன்று இன்னும் கிடக்கிறது, கேட்கவில்லையா?"
எனக்குக் கேட்காது. திறந்தால் இருக்கும்.
கடைசியில் சத்தம் தடித்து, தாழ்ந்து,
ஈரத்துணியை இழுப்பதுபோல் ஆகும்போது
அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்.
நான் அந்த நேரம் பார்த்து ஸ்ட்ராவைத் தேடுவேன்.

நேற்று சனிக்கிழமை, நாலாவது தட்டிலேயே
கரண்ட் போனது. தெரு முழுக்க.
எதிரே மூன்று மூச்சு கழித்து
ஜெனரேட்டர் உறுமியது, ஜன்னல்கள் திரும்ப எரிந்தன.
"என் மிக்ஸிக்கு மட்டும் கரண்ட் போகாது" என்று
பஞ்சைத் தடவிக்கொண்டார்.

ஜோமர் உள்ளே எட்டிப் பார்த்தான்.
சேற்றில் பாறைகள்.
"இதையா குடிக்கிறது?"
பணத்தைத் திருப்பி நீட்டினேன்.
எலியுதேரியோ அதை வாங்கவில்லை,
கரண்டியை வாங்கிக்கொண்டார்.
துழாவினார், வெகுநேரம்,
வலையில் எது தன் மீன் என்று தேடுகிறவர்போல.
வந்தது ஒரு கட்டி, கட்டைவிரல் நகம் பெரிது,
வெறும் ஐஸ், மேலே மெல்லிசாய்ப் பழுப்புத் தோல்.
"கணக்கில் ஒரு வாய்" என்றார்
யாரிடமோ.

கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது.
கடிக்கவில்லை.
மூவரும் பேசவில்லை.

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது.
நான் அணைக்க மறந்த மிக்ஸி
மூடியும் இல்லாமல், கையும் இல்லாமல்
தானாகப் பாய்ந்து,
குடையில், என் புருவத்தில், ஜோமரின் வெள்ளைச் சட்டையில்.
கத்தினோம்.

அவர் ஒரு கையை உயர்த்தினார், பொறு என்று.
வாயில் இன்னும் கொஞ்சம் இருந்தது.