பள்ளிகொண்டாவில் கடல் இருந்த இடம்

மொத்தம் பத்தொன்பது ஞாயிறு.
'கரையில் ஆறு பேர்' என்று பெயர்.
காலை பதினோரு மணி,
கறிக்குழம்பு கொதிக்கிற நேரம்.
ஆறு பேருக்கும் பதினேழு வயது,
ஆறு பேருக்கும் பரீட்சையே கிடையாது.
ரோஷன் நீந்துவான். டீனா அழுவாள்.
மற்ற நாலு பேரும் ஓடுவார்கள்.
எதற்கு ஓடினார்கள் என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பதினைந்தாவது வாரம்
அசல் கடற்கரையில் ஏதோ வாடகைத் தகராறாம்,
வேன் எங்கள் ஊருக்கு வந்தது.
பாலாற்றில் அப்போது
கண்ணுக்கெட்டிய மட்டும் மணல் இருந்தது,
தண்ணீர் ஒன்றுதான் பாக்கி.
ஈரக் காலடி வேண்டுமென்று
டேங்கர் லாரியில் கடலை வரவழைத்தார்கள்.
குழாயைத் திறப்பதற்குள்
தெருவே குடத்தோடு வரிசை நின்றது.
டைரக்டர் கத்தினார், அப்புறம் கும்பிட்டார்.
பாதிக் கடல் இடுப்பில் ஏறி
வீடு வீடாகப் போனது.
அன்றைக்கு எங்கள் வீட்டு ரசம்
அந்தக் கடலில் வைத்ததுதான்.

நான் கூட்டத்தில் ஒருவன்.
நாற்பது ரூபாய், எலுமிச்சைச் சாதம்,
ஆரஞ்சு பனியன்.
பனியனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
"எல்லாரும் கடலைப் பாருங்கப்பா" என்றார்கள்.
கை காட்டிய திசையில் பெங்களூர் ரோடு.
லாரிகளைப் பார்த்து வாய் பிளந்தோம்.
பிறகு டிவியில்,
ஹாரனைத் துடைத்துவிட்டு
அலையை ஊற்றியிருந்தார்கள்.
டீனாவின் தலைக்குப் பின்னால் மட்டும்
அரை நொடி எங்கள் மலை எட்டிப் பார்த்தது.
ஊரே கை தட்டியது,
மலைக்கு.

முபீனா பாலத்தின் மேலிருந்து பார்த்தாள்.
அவளை ஆற்றுக்குள் விடமாட்டார்கள்.
ஞாயிறுகளில் எங்கள் வீட்டு வாசற்படியில்,
மடியில் முறம், முறத்தில் பீடி இலை.
கண் திரையை விட்டு இறங்காது,
விரல் தானாகச் சுருட்டும், மடிக்கும், நூல் கட்டும்.
கடல் பார்த்திருக்கிறாயா என்றேன் ஒருமுறை.
"உங்க பெருமாள் படுத்திருக்கிறது கடல்லதானே,
ஊருக்கு அது போதும்" என்றாள்.

பத்தொன்பதாவது வாரம்
ரோஷன் நீந்திப் போனான்.
தலை சிறுத்துப் புள்ளியானது.
காப்பாற்றுகிறவன் உட்காரும் உயர நாற்காலி
கரையில் காலியாக நின்றது.
தொடரும் என்று போட்டார்கள்.
அடுத்த ஞாயிறு அதே பதினோரு மணிக்கு
ராசிக்கல் மோதிரக்காரர் வந்தார்.

முபீனா ஒத்துக்கொள்ளவில்லை.
இருபதாவது வாரத்தை அவளே சொன்னாள்:
மீன்பிடிப் படகு ஒன்று அவனைத் தூக்கியது.
இருபத்தொன்றில் அவனுக்கு ஞாபகம் போனது.
இருபத்துநாலில் டீனாவுக்கு
வேறு இடத்தில் பேசி முடித்தார்கள்.
ஏன் என்று கேட்டேன்.
இலையைப் பார்த்தபடி சொன்னாள்,
"கதை அப்படித்தான் போகும்."
முப்பதாவது வாரம் வருமுன்
நிக்காஹ் முடிந்து தம்மாமுக்குப் போய்விட்டாள்.
அங்கே கடல் உண்டாம்.
போய்ப் பார்க்கத்தான் நேரமில்லையாம்.

கடல் என்று நாங்கள் பார்த்த திசையில்
இன்று சுங்கச்சாவடி.
நாலாம் நம்பர் கூண்டில் இருக்கிறேன்.
வண்டிகள் அலை போல வருகின்றன என்று எழுதலாம்.
இல்லை. வண்டிகள் வண்டிகளைப் போலத்தான் வருகின்றன,
ஸ்டிக்கர் வேலை செய்யாவிட்டால்
என்னைத் திட்டிவிட்டுப் போகின்றன.
ஆற்றில் இப்போது மணலும் இல்லை.

ஒரு கார்த்திகை.
ஆந்திராப் பக்கம் பெருமழை,
இரவோடு இரவாகப் பாலாறு வந்துவிட்டது.
போலீஸ் கயிறு கட்டியும் பாலம் நிறைய ஜனம்.
செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை,
தன் சொந்தச் சத்தத்தோடு.
போனில் பிடித்து அவளுக்கு அனுப்பினேன்,
பேசிப் பல வருஷம்.
இரண்டு நீலக் கோடு.
வெகுநேரம் கழித்து ஒரே வரி:
"ரோஷன் வந்தானா?"

கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்த எட்டிப் பார்த்தேன்.
வாழைத்தார், ஒரு கதவு,
செருப்புக் கம்பெனி அட்டைப்பெட்டிகள்,
பிறகு எங்கிருந்தோ
ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி,
கவிழாமல், நிமிர்ந்தபடி.
படம் பிடிப்பதற்குள் பாலத்துக்கு அடியில் போய்விட்டது.
கூட்டத்தை இடித்துக்கொண்டு
மறுபக்கம் ஓடினேன்.