இருபத்தொரு நாள்

கொச்சி வரைக்கும் போன கறிவேப்பிலை
நாற்பது பெட்டி திரும்பி வந்துவிட்டது.
இலையில் மருந்து நிற்கிறதாம்.
"இருபத்தொரு நாளைக்கு டேங்க்கைத் தொடாதே"
என்றார் நஞ்சப்பன்.
தொடாத நாட்களின் கூலி பற்றி
அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காரமடை சுற்றுவட்டாரத்தில்
மருந்தடிக்கிறவன் என்றால்தான் என்னைத் தெரியும்.
மருந்து என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.
நோவு யாருக்கு என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் கொழுந்து விட்டது.
கொழுந்து விட்டால் ஒறம்பரை வரும்.
இலையில் உட்காரும் எதுவும் எங்களுக்கு அசுவினி.
என் வீட்டுக்காரி சரசாளின் நட்சத்திரமும் அதுதான்,
சண்டைக்கு உதவும்.
வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த பொண்ணு
"அசுவினி இல்லீங்ணா, இது வேற குடும்பம்,
துள்ளும் பாருங்க" என்று
பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.
வாங்க மறந்து பஸ் ஏறிவிட்டாள்.

வேலையில்லாதவன் கையில் கண்ணாடி.

எள்ளில் பாதி இருக்கும்.
நரம்பில் வாயை ஊன்றித்
தலை தாழ்த்தி, பின்புறம் தூக்கி,
ஆயிரம் அடி போர்க்குழியில்
தண்ணீர்ச் சத்தம் கேட்கக் குனிந்தவன் மாதிரி.
குஞ்சுகளின் வாலில் வெள்ளை நூல்,
பனியன் கம்பெனிப் பிசிறு போல.
குடித்ததில் முக்கால்வாசியை
இனிப்பாகவே வெளியே விட்டுவிடுகிறது.
அதற்கு எறும்புகள் வரிசை கட்டின,
விடிகாலை சொசைட்டி வாசல் போல.

பத்தாம் நாள் கொழுந்து சுருண்டது.
இனிப்பின்மேல் கரி படிந்தது.
நஞ்சப்பன் வந்தார், கிள்ளிப் பார்த்தார்,
விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.
டேங்க் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.
பதினாலாம் நாள்
முதலை மாதிரி ஒரு புழு,
நகத்தளவு கூட இல்லை,
இலைக்கு இலை ஊர்ந்து
குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்றது.
என் வேலையைத்தான் செய்தது.
கூலி கேட்கவில்லை அதுவும்.

இருபத்தொன்றாம் நாள் அந்தப் பொண்ணு
கவரில் ஒரு கட்டு இலை எடுத்தாள்,
லேபுக்கு.
சட்டையைக் கழற்றி நீட்டினேன்:
"இதில எவ்வளவு நிக்குதுன்னு
சேர்த்துப் பாருங்களேன்."
சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை.
"அதுக்கு ஃபாரம் இல்லீங்ணா."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவள் துப்பட்டா மடிப்பில்
ஒன்று துள்ளி ஏறியதைச்
சொல்லவில்லை.