லிஃப்ட் பக்கத்துத் தாள்

ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று
எழுதி ஒட்டச் சொன்னார் லாட்ஜ் முதலாளி ரஹ்மத்துல்லா.
எழுதினேன். தாளில் பாதிக்கு மேல் வெள்ளை.
ராத்திரி டியூட்டி, பேனாவும் கையிலேயே இருந்தது.
கீழே சேர்த்தேன்:
சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
தண்ணியில்லாத ஆறு.
வேலூருக்கு வந்தவர்களே, வருக.

காலையில் அதற்கடியில் பென்சிலில் யாரோ:
"இது ஊருக்கே தெரியும்.
உனக்குத் தெரிந்ததைச் சொல்."

கோபம் வந்தது. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.
எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று
மூன்றாம் நாள் உட்கார்ந்து தேடியதில் இது கிடைத்தது:
யாரும் அழைக்காமலே இந்த லிஃப்ட்
மூன்றேகாலுக்கு இரண்டாம் மாடிக்குப் போகிறது.
கதவைத் திறக்கிறது. கொஞ்சம் நிற்கிறது.
இறங்கி வந்துவிடுகிறது.
இப்படிக்கு, தசரதன், ராத்திரி டியூட்டி.

முதல் வாரம் படித்தவர்கள் மூன்று பேர்.
துடைக்க வரும் எலிசா.
தண்ணீர் கேன் போடும் பையன்.
மூன்றாவது ஆள் நான்தான்,
வேறு யாரோ எழுதியதுபோல எட்ட நின்று படிப்பேன்.

நடுவில் கெட்ட காலம்.
சரக்கு தீர்ந்து
தினக்காலண்டர் பொன்மொழிகளைப் பதினோரு நாள் ஒட்டினேன்.
பன்னிரண்டாம் நாள் தாளின் மேல்
யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

பிறகு என் பல்வலியை எழுதினேன்.
பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் தப்பாக இருப்பதை,
ஆற்றில் தண்ணீர் வந்த அன்று காட்பாடி பாலத்தில்
வண்டியை ஓரங்கட்டி வெறுமனே நின்றதை,
அதற்கு அரைநாள் சம்பளம் போனதை.
லிஃப்ட் கதவு திறந்து மூடும், ஆட்கள் ஏறமாட்டார்கள்,
பாதியில் இருப்பார்கள்.
மால்டாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கு
எதிர் மெஸ் ஷிபானி வங்காளத்தில் சொல்லுவார்,
நான் எழுதாததையும் சேர்த்துத்தான், சிரிப்பு அதிகம் கேட்கும்.

ஒருநாள் முந்நூற்று நாலை எழுதிவிட்டேன்.
பேர் போடவில்லை, ரூம் நம்பர் போடவில்லை.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு
ஒருத்தர் அழுவதை மட்டும்.
அன்றைக்குப் போலக் கூட்டம் என்றைக்கும் இல்லை.
எனக்குத் தலை நிற்கவில்லை.
பத்து மணிக்குப் பார்த்தால் சுவரில்
நாலு மூலைக்கு நாலு துண்டு செல்லோடேப்.
அந்த அம்மா சாவியை மேசையில் வைத்தார்.
"குழாய்ச் சத்தத்துல கேட்காதுன்னு நினைச்சேன்."

அதிலிருந்து எழுதுமுன் சாவிப் பலகையைப் பார்த்துக்கொள்கிறேன்.
காலியாக இருக்கும் கொக்கிக்கெல்லாம்
மேலே ஓர் ஆள் படுத்திருக்கிறார்.

நூற்று நாற்பது தாள் ஆயிற்று.
லாங்கு பஜாரில் கட்டுப் பேப்பர் கேட்டபோது
"ஸ்கூலுக்கா, ஆபீசுக்கா?" என்றார் கடைக்காரர்.
சும்மா என்றேன்.
சும்மாவுக்கு ஐந்நூறு தாளா என்று
என்னை ஒரு பார்வை பார்த்துக் கட்டிக்கொடுத்தார்.

நேற்று மெக்கானிக் வந்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டான்.
மூன்றேகால் ஆகியும் அது அசையவில்லை.
நானே படியேறி இரண்டாம் மாடிக்குப் போனேன்.
ஒரு பல்பு, ஒரு ஜோடி ஈரச் செருப்பு.
கொஞ்சம் நின்றேன். இறங்கி வந்தேன்.

அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
முதல் வரி இன்னும் வரவில்லை.